உஷார்! வெள்ளம் வந்தால் பிள்ளை யார் கையில்?

அக்டோபர் பிறந்துவிட்டால் பாகான் செராய் மக்களின் கண் வானத்தின் மேல்தான் இருக்கும். புக்கிட் மேரா அணை, குராவ் ஆறு, வயல் ஓரமெல்லாம் ஓடும் தாலி ஆயர் (பாசனக் கால்வாய்) என்று தண்ணீரை நம்பி வாழும் தட்டை நிலம் இது. மழை விடாமல் கொட்டினால் போக வழியில்லாத தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும். 2017 நவம்பரில் பினாங்கைப் புரட்டிப் போட்ட புயல்மழை நம் கிரியான் மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. டிவியை எங்கே தூக்கி வைப்பது, மோட்டாரை எந்த மேட்டில் நிறுத்துவது என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. பிள்ளையை யார் பொறுப்பில் விடுவது என்று எத்தனை வீடுகளில் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம்?

இதை இப்போதே பேசுங்கள். தண்ணீர் ஏறும் இரவில் குடும்பம் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். அம்மா தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்டில் இருப்பார். அப்பா சாமான்களைக் காவல் காக்க வீட்டிலேயே நின்றுவிடுவார். பாட்டி இரண்டு பேரப்பிள்ளைகளோடு தீயணைப்புப் படையின் படகில் ஏறுவார், மூன்றாவது பிள்ளை பக்கத்து வீட்டுக்காரரோடு லாரியில் போகும். படகு ஒரு மண்டபத்துக்கும் லாரி வேறொரு பள்ளிக்கும் போனால் அந்த மூன்றாவது பிள்ளையின் பெயர் யார் குடும்பத்தின் கீழ் பதிவாகும்? ஐந்து வயதுப் பிள்ளையிடம் அம்மா பெயரைக் கேட்டால் "அம்மா" என்றுதான் சொல்லும். தன் பெயரைக் கேட்டால் "பாப்பா" என்றோ "குட்டி" என்றோ சொல்லும். பிறப்புச் சான்றிதழில் இருப்பது வேறு பெயர். அந்தச் சான்றிதழும் அலமாரியின் அடித்தட்டில் நனைந்துகொண்டிருக்கும்.

இப்படிப் பிரியும் பிள்ளைகளுக்கு என்ன நேரலாம் என்பதை நமக்கு மிக அருகில் நடந்த ஒன்று காட்டியது. 2004 டிசம்பர் 26 சுனாமி மலேசியாவில் 68 உயிர்களைக் கொண்டுபோனது. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் ஆச்சே அழிந்து கிடந்தது. சில நாட்களிலேயே, கோலாலம்பூரில் இருந்த யூனிசெஃப் ஊழியர் ஒருவரின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: ஆச்சேயைச் சேர்ந்த, 3 முதல் 10 வயது வரையிலான 300 அனாதைக் குழந்தைகள் தத்துக்குக் கிடைப்பார்கள் என்று. இத்தனை வயதில், இத்தனை பேர் என்று பிள்ளைகளைச் சரக்குபோல் எண்ணிச் சொன்ன செய்தி அது. பிணங்களை அடக்கம் செய்துகூட முடியாத நேரத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு உறவே இல்லை என்று யார் விசாரித்தார்கள்? 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெற்றோர் இல்லாமல் ஆச்சேயை விட்டு வெளியேறக் கூடாது என்று இந்தோனேசிய அரசு தடை போட்டது.

அதே அலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தூக்கிப் போய் வளர்க்கிறோம் என்று வந்தவர்களிடம் தமிழக அரசு அவசரப்பட்டு யாரையும் கொடுக்கவில்லை. நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா இல்லம் திறந்து, பிள்ளைகளை அவர்கள் ஊரிலேயே, மொழி தெரிந்த மக்கள் நடுவிலேயே வைத்து வளர்த்தது. அந்தத் துயரத்தின் நடுவே எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான் என்பது என் எண்ணம். கிழக்கிலங்கைக் கல்முனையில் உயிரோடு மீட்கப்பட்ட ஒரு கைக்குழந்தை மருத்துவமனையின் 81ஆம் நோயாளியாகப் பதிவானது. எங்கள் பிள்ளை என்று கதறிய தாய் தகப்பனின் வீட்டைக் கடல் கொண்டுபோயிருந்தது. நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு உத்தரவிட்டு, முடிவு வந்து, குழந்தை அவர்கள் கைக்குப் போக 2005 பிப்ரவரி ஆகிவிட்டது. பெற்ற பிள்ளைக்கு அத்தனை வாரக் காத்திருப்பு!

நல்ல மனசுக்காரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடத்தல்காரனை நாம் ஓரளவு சந்தேகப்படுவோம், பிரார்த்தனை செய்துகொண்டு வருபவரைச் சந்தேகப்பட மாட்டோம். 2010 ஜனவரியில் ஹைத்தி நிலநடுக்கத்துக்குப் பின் அமெரிக்கத் திருச்சபைக்காரர்கள் 10 பேர், 33 பிள்ளைகளை அண்டை நாடான டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோகும் வழியில் எல்லையில் பிடிபட்டார்கள். அனாதைகள் என்றார்கள். விசாரித்தால், அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். நல்ல படிப்பு, நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று நம்பி அவர்களே பிள்ளையைக் கொடுத்திருந்தார்கள். வீடு இடிந்து கையில் காசில்லாமல் நிற்கும் தாயிடம் கேட்டு வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை.

நம் ஊர் நிவாரண மையத்திலும் இது நடக்கலாம். ஒரே நிறச் சட்டை போட்ட குழு வரும், பொட்டலம் கொடுக்கும், பிள்ளைகளோடு விளையாடும். போகும்போது "இரண்டு வாரம் எங்கள் இல்லத்தில் இருக்கட்டும், வெள்ளம் வடிந்ததும் கொண்டுவந்து விடுகிறோம்" என்று சொன்னால், தயவுசெய்து சரி என்று சொல்லாதீர்கள். 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண் கேளுங்கள். 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு பிள்ளையை முறைகேடாகக் கைமாற்றுவதைக் குற்றம் என்கிறது. 35ஆம் பிரிவின்படி, பிறர் பிள்ளையைப் பராமரிப்பில் எடுப்பவர் ஒரு வாரத்துக்குள் சமூக நல இலாகாவின் பாதுகாவலருக்குத் தெரிவிக்க வேண்டும். மையத்தில் சமூக நல இலாகா அதிகாரி இருப்பார், அவர் முன்னால் எழுத்தில் பதியாமல் பிள்ளை வாசலைத் தாண்டக் கூடாது. வந்தவர் கோயில் தலைவராக இருந்தாலும், சித்தப்பா முறையாக இருந்தாலும் சரி. கோபித்துக்கொள்வார் என்றால் கோபிக்கட்டும்.

சயாம் மரண ரயில் பாதை போட ஜப்பானியர் ஆள் பிடித்த காலத்தில் நம் தோட்டங்களில் தகப்பன் திரும்பாத, தாயும் மாண்டுபோன பிள்ளைகள் எத்தனையோ. யார் வீட்டில் வளர்ந்தார்கள், எந்தப் பெயரில் வளர்ந்தார்கள் என்று எழுதி வைக்க ஆளில்லாத காலம் அது. இன்று இலாகா இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கைப்பேசி இருக்கிறது. இன்றும் பதிவில்லாமல் ஒரு பிள்ளை கைமாறினால் நமக்கு மன்னிப்பே கிடையாது.

கைப்பேசி என்றதும் இன்னொன்று. தனியாக நிற்கும் பிள்ளையைப் படம் எடுத்து "இந்தக் குழந்தையின் பெற்றோர் எங்கே? பகிருங்கள்" என்று புலனக் குழுவிலும் முகநூலிலும் போடுவது உதவி மாதிரித் தெரியும். ஆனால் அது பிள்ளையின் முகத்தையும் இடத்தையும் கெட்ட எண்ணத்தோடு தேடுபவனுக்குக் காட்டிவிடும். படத்தை மையப் பொறுப்பாளரிடமும் போலீசிடமும் மட்டும் காட்டுங்கள்.

மண்டபத்துக்குள் இரவு நேரம்தான் மோசம். கழிவறை மண்டபத்துக்குப் பின்னால், விளக்கில்லாத நடைபாதையின் கடைசியில் இருக்கும். பத்து வயதுப் பெண்பிள்ளை தூங்குகிற அம்மாவை எழுப்ப மனமில்லாமல் தனியாகப் போகும். பேரிடர் முகாம்களுக்கான அனைத்துலக அளவுகோல் 20 பேருக்கு ஒரு கழிவறை, ஆண் பெண் தனித்தனி, உள்ளிருந்து தாழ் போடும் வசதி, வெளிச்சம் என்று கேட்கிறது. நம் மையத்தில் எல்லாம் அமையாமல் போகலாம். ஒரு பல்பும், மாறி மாறி விழித்திருக்கும் நான்கு அக்காமாரும் அமையாமல் போகக் காரணமே இல்லை. பிள்ளை எதையாவது தயங்கிச் சொன்னால் "இங்கே வந்தும் மானத்தை வாங்காதே" என்று அடக்காதீர்கள். தாலியான் காசே உதவி எண் 15999 நாள் முழுக்க இயங்கும், உடனடி ஆபத்தென்றால் 999.

இன்றிரவே செய்ய வேண்டியது சின்ன வேலை. பிறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து வெளியூர் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். பிள்ளையின் முழுப்பெயர், தாய் தகப்பன் பெயர், இரண்டு கைப்பேசி எண்களை அட்டையில் எழுதி, நெகிழிப் பையில் போட்டு, சட்டையின் உள்பக்கம் ஊக்கு குத்துங்கள். வெளியே தெரியும்படி வேண்டாம், பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் பின்னாலேயே பிள்ளை போய்விடும். முழுப்பெயரையும் ஒரு எண்ணையும் பாட்டாக்கிச் சொல்லிக் கொடுங்கள். பிரிந்துவிட்டால் எந்த மையத்தில் சேர்வது என்பதையும் பேசிவிடுங்கள். சான்றிதழ் ஏற்கெனவே போய்விட்டதா? தேசியப் பதிவு இலாகாவுக்கு வெள்ளம் வரும் முன்பே போங்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். வெள்ளம் வடிந்து பள்ளி திறக்கும் முதல் நாள் வகுப்பில் வராத பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். "ஊருக்குப் போயிருப்பான்" என்று விட வேண்டாம். அன்று மாலையே வீட்டுக்குப் போய், பிள்ளை இப்போது யாரோடு இருக்கிறது என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் மறுநாள் காலை வரை காத்திராமல் சமூக நல இலாகாவுக்குச் சொல்லுங்கள்.