முக்காற்புள்ளிக்கு முன்னால் என்ன இருக்கிறது?

தமிழ் மின்னூல்களை ஈபப் வடிவில் கட்டித் தருவது என் தொழில். எந்த ஈபப் கோப்பைப் பிரித்தாலும் உள்ளே ஓபிஎஃப் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். நூலின் பெயர், ஆசிரியர், மொழி எல்லாம் அதில்தான். ஆனால் அங்கே வெறும் ‘டைட்டில்’ என்ற டேக் இருக்காது, ‘டிசி:டைட்டில்’ என்றிருக்கும்.

1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் 1.0 வந்தபோது, முக்காற்புள்ளியும் பெயரில் வரத்தக்க எழுத்துகளில் ஒன்று, அவ்வளவே. ‘அ:ஆ:இ’ என்று பெயர் வைத்தாலும் கோப்பைப் படிக்கும் நிரலான பார்சர் ஏற்கும். பெயர்வெளிக்காக (நேம்ஸ்பேஸ்) அதை ஒதுக்கியிருக்கிறோம் என்று மட்டும் அந்த விதிநூல் சொல்லிவைத்தது. 1999 ஜனவரியில் பெயர்வெளி விதி வந்தது. அதன்படி ஒரு பெயரில் ஒரு முக்காற்புள்ளிதான். அதற்கு முன்னால் இருப்பது முன்னொட்டு.

முன்னொட்டுக்கான தேவை எளிமையானது. எக்ஸ்எம்எல் டேக்குகளைத் தமிழிலேயே எழுதலாம். ஒரே கோப்பில் நூலுக்கும் ‘பெயர்’, எழுதியவருக்கும் ‘பெயர்’ என்றால் குழப்பம். ‘நூல்:பெயர்’, ‘ஆள்:பெயர்’ என்றால் தீர்ந்தது.

பலர் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. பெயர்வெளி அறிந்த பார்சருக்கு ‘டிசி’ என்ற எழுத்துகள் ஒரு பொருட்டே இல்லை. கோப்பின் மேல்பகுதியில் உள்ள அறிவிப்பில் அந்த முன்னொட்டு எந்த இணைய முகவரியோடு கட்டப்பட்டிருக்கிறது என்றுதான் பார்க்கும். முகவரியும் ‘டைட்டில்’ என்ற சொல்லும் சேர்ந்ததுதான் உண்மையான பெயர். ‘டிசி’யை எடுத்துவிட்டு ‘க’ என்று அறிவிப்பிலும் டேக்குகளிலும் மாற்றினாலும் அதே பெயர்தான். அறிவிப்பையே நீக்கிவிட்டால் பிழை.

அந்த முகவரிக்குப் பார்சர் போய்ப் பார்ப்பதும் இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், அவ்வளவுதான். ஒரு பதிப்பகத்திலிருந்து வந்த கோப்பில் யாரோ பாதுகாப்பு கருதி ‘எச்டிடிபி’யை ‘எச்டிடிபிஎஸ்’ ஆக்கியிருந்தார்கள். நூலின் தலைப்பே திரையில் வரவில்லை. ஓர் எழுத்து கூடினால் அது வேறு பெயர்வெளி.

பார்சரை எப்படித் திறக்கிறோம் என்பதும் முக்கியம். ஜேம்ஸ் கிளார்க் எழுதிய எக்ஸ்பேட் பார்சரில் இரண்டு வழியும் உண்டு: ஒன்று ‘டிசி:டைட்டில்’ என்று அப்படியே தரும், மற்றது முகவரியாக விரித்துத் தரும். ஜாவாவின் டாம் பார்சரில் பெயர்வெளி வசதியை நாமே கேட்டு வாங்க வேண்டும், சொல்லாவிட்டால் கிடைக்காது. இது தவறான ஏற்பாடு என்பதே என் கருத்து.

நிரல் எழுதும் தம்பி தங்கைகளே, ‘டிசி:’ என்ற எழுத்துகளைத் தேடி நிரல் எழுதாதீர்கள். முகவரியைக் கொண்டு தேடுங்கள்.