லேப்டாப் பேட்டரி ஏன் வீங்குகிறது?

லாஸ்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா, மகளின் காலேஜ் படிப்புக்காகப் புது லேப்டாப் வாங்கினார். பெட்டியைப் பிரித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, எப்பவும் சார்ஜர்லயே போட்டு வைக்கலாமா?"

இன்ஜினியரிங் படிக்கும்போது நான் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு நாள் டச்பேட் கிளிக் ஆகவில்லை. டச்பேடை மாற்ற வேண்டும் என்றார் கடைக்காரர். கழற்றிப் பார்த்தால், பேட்டரி சின்னத் தலையணை போல உப்பி, அதைக் கீழிருந்து தள்ளிக் கொண்டிருந்தது. நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை.

பேட்டரியின் பாசிட்டிவ் பக்கத்தில் உள்ள பொருளை கேத்தோடு என்பார்கள். இதில் புகழ்பெற்றது லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. ஜான் குட்இனஃப் குழுவினர் 1980ல் இதை அறிவித்தனர். 1991ல் சோனி பேட்டரியாக விற்பனைக்குக் கொண்டு வந்தது. நம் கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட நேரான தெருக்களை நினைத்துக் கொள்ளுங்கள். கோபால்டும் ஆக்சிஜனும் வீட்டு வரிசை. நடுத்தெருவில் லித்தியம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனி வெளியே போகும். ஈடுகட்ட கோபால்ட் ஓர் எலக்ட்ரானை விட்டுக் கொடுக்கும். பிளஸ் டூவில் மனப்பாடம் செய்தோமே, ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று, அந்த ரெடாக்ஸ்தான் இது. லேப்டாப் ஓடும்போது எல்லாம் தலைகீழாக நடக்கும்.

ஆனால் தெருவை முழுதாகக் காலி செய்ய முடியாது. ஏறக்குறைய பாதி லித்தியம் போன பிறகும் உருவினால் வரிசை குலையும். ஆக்சிஜனே கழன்று வரும். அந்த எல்லையை ஒட்டித்தான் 4.2 வோல்ட்டில் சார்ஜை நிறுத்தும் வழக்கம் வந்தது. முழு சார்ஜில், சூட்டில், மாதக்கணக்கில் வைத்தால் எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேரும். என் 'தலையணை' அப்படி வந்ததுதான்.

சரி, வரிசையே இல்லாமல் உலோகமும் லித்தியமும் கலந்து கிடந்தால்? பெரிய மார்க்கெட் நெரிசல் மாதிரி லித்தியம் சிக்கிக் கொள்ளும் என்றுதான் வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2014ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கெர்ப்ராண்ட் சீடர் குழுவினர், லித்தியத்தைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தால் சந்து சந்தாக வழி இணைந்து விடுகிறது என்று காட்டினார்கள். லாபம் என்ன தெரியுமா? விலை அதிகமான கோபால்ட் வேண்டாம்; மாங்கனீசு போதும். சிக்கலும் உண்டு. உலோகம் கொடுக்கும் எலக்ட்ரான் தீர்ந்ததும் ஆக்சிஜன் கொடுக்க ஆரம்பிக்கும். அளவோடு கொடுத்தால் கூடுதல் சார்ஜ் கிடைக்கும். மீறினால் ஆக்சிஜன் வாயுவாகப் போய், பேட்டரியின் கொள்ளளவு குறையும். ஆக்சிஜனில் கொஞ்சத்தை ஃபுளூரினாக மாற்றி இதை அடக்கப் பார்க்கிறார்கள்.

இத்துறையில் நம்மூர்க்காரர் ஒருவரும் உண்டு. மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், குட்இனஃபுடன் பணியாற்றியவர். 2019ல் குட்இனஃபின் நோபல் உரையை ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நிகழ்த்தியது இவர்தான்.

மாமாவின் லேப்டாப்பில், பேட்டரி சார்ஜ் லிமிட் என்ற செட்டிங்கைத் தேடி 80 சதவீதத்தில் வைத்துக் கொடுத்தேன். உங்கள் லேப்டாப்பிலும் இருக்கிறதா என்று பாருங்கள். டச்பேட் மேலெழும்பினால் அழுத்திச் சரி செய்யாதீர்கள். சார்ஜரைக் கழற்றி, ஷட்டவுன் செய்து, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். கழற்றிய பேட்டரியைக் குத்தவோ குப்பையில் போடவோ கூடாது.