மெனோலியின் கையில் ஒரு தழும்பு



மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறாள் ஒரு பெண். வயது பதினைந்தை நெருங்குகிறது. வழுவழுப்பும் நச்சுத்தன்மையும் கொண்ட மீன்வகை அது. கத்தி நழுவி உள்ளங்கையை ஆழமாகக் கீறிவிடுகிறது. தாய் ஓடி வந்து மருந்திட்டுக் கட்டுகிறாள். நாளடைவில் காயம் ஆறுகிறது. ஆனால் தழும்பு இறுகி விரல்களை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. யாழ் மீட்டிய அந்தக் கை இனி முழுமையாக விரியாது என்கிறார்கள். அவ்வீட்டில் அதற்காகக் கண்ணீர் விடுவோர் அவளைத் தவிர எவருமில்லை. சொல்லப்போனால், ஒரு தொல்லை விட்டது என்ற நிம்மதியே அங்கு நிலவுகிறது.

ஆன் மெக்காஃப்ரி என்னும் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டிராகன்சாங்’ என்னும் ஆங்கில நாவலில் வரும் நிகழ்ச்சி இது. பன்னிரண்டு வயதில் இந்நூலை முதன்முதலாக வாசித்தபோது இப்பக்கத்தை நான் விரைந்து கடந்து சென்றேன். பறவைநாகங்கள் எப்போது வரும் என்பதே அன்று என் கவலை! பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்கிய பின் மீண்டும் அதனைக் கையிலெடுத்தபோது, இப்பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்திற்கு எளிதில் செல்ல இயலவில்லை.

நூலை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். கதை நிகழும் இடம் ‘பெர்ன்’ என்னும் கற்பனைக் கோள். அது ‘ருக்பத்’ என்னும் விண்மீனைச் சுற்றி வருகிறது. இந்த விண்மீன் மட்டும் கற்பனையன்று. தனுசு விண்மீன் கூட்டத்தில் உண்மையிலேயே உள்ளது. பெயரும் அறபு மொழியிலிருந்து வந்ததே. வில்லாளியின் முழங்கால் என்று பொருள்படும். நம் முன்னோரான வானியல் அறிஞர்கள் வழங்கிய சொல்லொன்று அமெரிக்கப் பெண்மணியின் கற்பனைக்குள் சென்று அமர்ந்திருப்பதை இம்முறை வாசித்தபோதுதான் கவனித்தேன்.

பெர்னில் வாழ்வோர் பூமியிலிருந்து குடியேறிய மக்களின் வழித்தோன்றல்கள். அண்டையிலுள்ள செந்நிறக் கோள் ஒன்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை நெருங்கி வரும். அப்போது ஐம்பது ஆண்டுக்காலம் வானிலிருந்து வெள்ளி இழைகள் விழுந்து, பயிர் பச்சை, ஆடு மாடு, மனிதர் என உயிருள்ள யாவற்றையும் தின்றழிக்கும். இவ்விழைகளை வானிலேயே எரிப்பதற்காக வளர்க்கப்பட்டவையே டிராகன்கள் எனப்படும் பறவைநாகங்கள். ஒருவகைக் கல்லை மென்று அவை நெருப்பு உமிழும். தம்மீது ஏறிச் செல்லும் வீரருடன் மனத்தால் பேசும். இவ்வளவும் இருப்பதால் இதனை மாயக்கதை என்றே பலரும் கொள்கின்றனர். நூலாசிரியரோ, தாம் எழுதியது அறிவியற் புனைகதையே என்று கடைசி வரை வாதிட்டு வந்தார்.

கதாநாயகி மெனோலி கடலோரக் குடியிருப்பொன்றின் தலைவரான யானஸின் இளைய மகள். முதிய இசைஞர் பெடிரான் அவளுக்குப் பாட்டும் கருவிகளும் கற்றுத் தருகிறார். அவர் மறைந்ததும், புதியவர் வரும் வரை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேறு ஆளில்லாமையால் அவளையே அமர்த்துகின்றனர். ஆனால் சொந்தமாக மெட்டமைக்கக் கூடாது என்பது கட்டளை. அவள் தன்னை மறந்து தன் மெட்டொன்றை வாசித்துவிட, தந்தை வாரால் அடிக்கிறார். பின்னர் கையும் போகிறது. வீட்டை விட்டு வெளியேறிக் கடற்கரைக் குகையொன்றில் தங்குகிறாள். அங்கு, பறவைநாகத்தின் சிற்றுருவம் போன்ற தீப்பல்லிகள் முட்டையிலிருந்து வெளிவரும் வேளையில் அவற்றுக்கு இரையூட்டுகிறாள். ஒன்பது குஞ்சுகள் அவளையே தாயாக ஏற்றுக்கொள்கின்றன. நாணற்குழல் செய்து ஊதுகிறாள். அவை உடன் சேர்ந்து பாடுகின்றன!

சிறு வயதில் இக்குகைப் பகுதியை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அடுப்பு மூட்டுவதும், சிப்பி பொறுக்குவதும், படுக்கை அமைப்பதும், யாருடைய ஏவலுமின்றித் தன் வேளையைத் தானே வகுத்துக்கொள்வதும் ஒரு சிறுமிக்கு எத்துணைப் பெரிய கனவு! இன்றும் அப்பக்கங்கள் மங்கவில்லை. ஆயினும் என் கண் இப்போது குகையைவிட்டு, அவள் பிரிந்து வந்த வீட்டையே திரும்பத் திரும்ப நோக்குகிறது.

அவ்வீட்டின் தாயை, மாவியைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெரும் குடியிருப்பின் அடுக்களையும் பண்டகசாலையும் அவள் பொறுப்பு. மீன் வந்து இறங்கினால் உப்பிட வேண்டும், உலர்த்த வேண்டும், எண்ணெய் இறக்க வேண்டும். நோயுற்றோர்க்கு மருந்திடுபவளும் அவளே. மருத்துவம் அறியாதவள் கட்டிய கட்டு அன்று அது! பின்னால் வேறு மருத்துவர்கள் கையைப் பார்க்கும்போது, இது இவ்வாறு இறுகிப்போகத் தேவையே இருந்திருக்காது என்பது வெளியாகிறது. அப்படியாயின் மாவி தெரிந்தே அரைகுறையாக விட்டுவிட்டாளா? அந்த ஐயம் கதையிலேயே முளைக்கிறது. பன்னிரண்டு வயதில் நான் ஒரே வரியில் தீர்ப்பு எழுதியிருந்தேன்: கொடியவள். இன்று அவ்வளவு எளிதாகச் சொல்ல நா எழவில்லை. மகள் விரும்புவது அவ்வூரில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத ஒன்று என்று தாய் உறுதியாக நம்புகிறாள். கிடைக்காத ஒன்றின்மீது ஆசை வளர்ப்பதைவிட, அந்த ஆசை அடியோடு அற்றுப்போவதே மகளுக்கு நன்மை என அவள் எண்ணியிருக்கலாம். அன்பின் பெயராலேயே அதைச் செய்திருக்கலாம். அவள் அரக்கியாக இருந்தால் நமக்கு அச்சமில்லை. அவள் நம்மைப் போன்ற ஓர் உம்மாவாக இருக்கக்கூடும் என்பதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். யானஸும் மாவியும் இசையை வெறுப்பவர்கள் அல்லர். இசை ஆகுமா ஆகாதா என்ற வாதத்திற்கே இக்கதையில் இடமில்லை. பெர்னில் யாழிசைஞர் என்பவர் களியாட்டத்திற்குப் பாடுபவரல்லர். ஆசிரியர், செய்தி கொண்டுவருபவர், சட்டத்தையும் வரலாற்றையும் மனத்தில் சுமப்பவர். இழை விழுங்காலத்தில் என்ன செய்ய வேண்டும், யாருக்கு யார் கடமைப்பட்டவர் என்பனவெல்லாம் பாட்டாகவே பிள்ளைகளுக்குப் புகட்டப்படுகின்றன. மெக்காஃப்ரியின் முதல் பெர்ன் நாவலான ‘டிராகன்ஃபிளைட்’ (1968), இழைகள் நானூறு ஆண்டுகளாக விழாமையால் மக்கள் அபாயத்தையே மறந்துவிட்ட காலத்தைச் சொல்வது. அங்கே மக்களைக் காப்பதற்கான வழி, பொருள் விளங்காமலே பாடப்பட்டு வந்த ஒரு பழம்பாட்டுக்குள் ஒளிந்திருக்கும். மசலாவும் மாலையும் கிஸ்ஸாவும் முனாஜாத்தும் கேட்டு வளர்ந்த பாட்டிமாரைக் கண்ட நமக்கு, அறிவைப் பாட்டில் பொதிந்து தலைமுறைக்குத் தலைமுறை கடத்துவது விளங்காத செய்தியன்று.

ஆகவே அரைவட்டக் கடற்கோட்டை என்னும் அவ்வூரிலும் இசைஞருக்கு மதிப்பு உண்டு. ஒரு பெண் அவ்விடத்தில் நிற்பதுதான் இழுக்கு! புதிய இசைஞர் எல்ஜியன் வந்து, பிள்ளைகளுக்கு இத்துணைச் செம்மையாகக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று வினவும்போது, அவன் ஒரு பையன் என்று அவரை நம்ப வைக்கின்றனர். மகளின் திறமை வெளியே தெரிந்தால் தலைகுனிவு என்று கருதுகின்ற வீடு அது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சம், வானிலிருந்து விழும் இழையைவிடப் பெரிதாக அங்கே ஆட்சி செய்கிறது. நெடுநாட்களுக்குப் பிறகு, அவளுடைய அண்ணன் அலெமி ஒருவன்தான் எல்ஜியனிடம் உண்மையைச் சொல்லத் துணிகிறான்.

பெடிரானைப் பற்றியும் கூற வேண்டியது நிறைய உண்டு. மரணத்திற்கு முன் அந்த முதியவர் தம் மாணவியின் பாடல்கள் இரண்டைத் தலைமை இசைஞரான ராபின்டனுக்கு அனுப்பி வைத்திருந்தார். இயற்றியது ஒரு பெண் என்று மட்டும் எழுதவில்லை. ராபின்டன் அந்த ‘மாணவனை’த் தேடித் தவிக்க, மெனோலியோ எதையும் அறியாமல் குகையில் குழல் ஊதிக்கொண்டிருக்கிறாள். சிறு வயதில் பெடிரான் எனக்கு மாசற்ற உஸ்தாதாகத் தோன்றினார். ஆனால் 1998ஆம் ஆண்டில் மெக்காஃப்ரி ராபின்டனின் இளமைக் காலத்தைத் தனி நாவலாக எழுதினார். அதில் இதே பெடிரான் ராபின்டனின் தந்தை! தம் மகனின் இசைத்திறனை ஏற்க மனமில்லாமல், பொறாமையால் முகம் திருப்பிக்கொண்ட தந்தை. தாய் மெரிலன்தான் கணவரின் கண்ணுக்கு மறைத்து மகனை வளர்க்கிறாள். அதை வாசித்த பின் பழைய நாவலுக்குத் திரும்பினால், கிழவர் வேறு மனிதராகத் தெரிகிறார். தம் மகனுக்குத் தர மறுத்ததை, வாழ்நாளின் இறுதியில் யாரோ ஒருவர் பெற்ற பெண்ணுக்கு அவர் அள்ளித் தந்திருக்கிறார். அவள் இயற்றிய பாடல்களை அந்த மகனுக்கே அனுப்பியும் இருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட ஒரு நூல், முன்னதன் பொருளை இவ்வாறு ஆழமாக்குவது அரிது.

நூலாசிரியருக்கு இவையெல்லாம் வெறும் ஏட்டறிவல்ல. 1926இல் பிறந்த அவர் குரலிசையைப் பல ஆண்டுகள் முறையாகப் பயின்றவர். இசை நாடகங்களை மேடையேற்றுவதிலும் ஈடுபட்டவர். புனைகதைக்காக ஹியூகோ விருது பெற்ற முதற் பெண்மணி அவரே, ஆண்டு 1968. 1970இல் பிள்ளைகள் இருவருடன் அயர்லாந்தில் குடியேறி, 2011இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். அறிவியற் கதைகள் ஆண்பிள்ளைகளுக்கே உரியவை என்றிருந்த நாளில், பெண்பிள்ளைகளுக்காகவும் ஒன்று எழுதித் தாருங்கள் என்று அதேனியம் பதிப்பகத்தின் சிறுவர் நூற்பிரிவைச் சேர்ந்த ஜீன் கார்ல் அம்மையார் கேட்டுக்கொண்டதன் விளைவே ‘டிராகன்சாங்’. அடுத்த ஆண்டே ‘டிராகன்சிங்கர்’, 1979இல் ‘டிராகன்டிரம்ஸ்’ என மூன்று நூல்களாக அது நிறைவெய்தியது.

குறைகளும் இல்லாமலில்லை. நாவில் புரளாத பெயர்கள் ஏராளம். மற்றவர்க்கு ஒன்றிரண்டு தீப்பல்லிகளே அரிதாயிருக்க, மெனோலிக்கு மட்டும் ஒன்பது வாய்ப்பது கதைக்காரர் காட்டும் சலுகையே. அவளை இகழும் பணக்காரப் பெண்கள் இரண்டாம் நூலில் வருகின்றனர். அவர்கள் அட்டையில் வெட்டிய உருவங்களைப் போல இருக்கின்றனர். எல்லாவற்றையும்விட எனக்குள்ள மனக்குறை, மாவியின் உள்ளத்தைத் திறந்து காட்ட ஆசிரியர் போதிய பக்கங்களை ஒதுக்கவில்லை என்பதுதான். இளையோர்க்கான நூல் என்பதால் விட்டிருக்கலாம். ஆயினும் அது பெரிய இழப்பு.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கில நூல்களை வாசிக்கும் பழக்கமுடையவர்கள் என்றால், பதினொன்று, பன்னிரண்டு வயதில் முதலிரு நூல்களையும் தயங்காமல் கொடுக்கலாம். ‘டிராகன்ஃபிளைட்’ முதலிய மற்ற பெர்ன் நாவல்கள் வளர்ந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றைப் பெரியவர்கள் முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. பிள்ளை வாசித்து முடித்த கையோடு நீங்களும் ஒருமுறை வாசியுங்கள். பிறகு இருவரும் பேசிப் பாருங்கள். நீங்கள் இருவரும் வாசித்தது ஒரே நூல்தானா என்ற வியப்பு உண்டாகும்!

‘டிராகன்சிங்கர்’ நூலில் மெனோலி இசைஞர் மன்றத்தை வந்தடைகிறாள். அங்குள்ள மருத்துவர் ஓல்டைவ் அவள் கையைப் பார்த்து, களிம்பும் பயிற்சியும் தருகிறார். தழும்பை இழுத்து விரலை விரிக்கும்போது வலி உயிர் போகும். அதைவிடக் கடினமானது வேறொன்று. தலைமை இசைஞர் அவள் பாடலைப் புகழும்போதும், எங்கிருந்தோ அடி விழப்போகிறது என்று அவள் உடல் சுருங்குகிறது. அவ்வச்சம் தீர அவளுக்கு எத்தனையோ பேருடைய நற்சொற்கள் தேவைப்படுகின்றன. சிறுகச் சிறுக விரல்கள் இளகுகின்றன. புதிய பாடல்கள் பிறக்கின்றன. தீப்பல்லிகள் சன்னலில் அமர்ந்து உடன் பாடுகின்றன.

வீட்டிலிருந்து மட்டும் ஒருவரும் வரவில்லை. முதலிரு நாவல்களின் கடைசிப் பக்கம் வரை, தாயும் மகளும் மீண்டும் சந்திப்பதேயில்லை.