பவுன் விலை மட்டும் கேட்டால் போதாது

கரும்புப் பணமோ மரவள்ளிப் பணமோ கைக்கு வந்ததும் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் பலரும் நினைப்பது ஒரு பவுனாவது எடுக்க வேண்டும் என்றுதான். அடுத்த பட்டத்துக்குக் கரணை, உரம், ஆள்கூலி என்று செலவு வரும்போது அதே பவுன் கூட்டுறவு வங்கிக்குப் போகும். கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவந்து கல்யாண நகை எடுக்கிறவர்களுக்கும் அது நாளைய அவசரத்துக்கான கையிருப்பு. அடகு வைக்கப் போனால் மதிப்பீட்டாளர் வேலைப்பாட்டைப் பார்ப்பதில்லை; கல்லைக் கழித்துவிட்டுத் தங்கத்தின் எடையையும் தரத்தையும் மட்டுமே பார்ப்பார். வாங்கும்போதே அந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது.

சேதாரத்தில்தான் பணம் கரைகிறது. கணக்குக்காக ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன், அதாவது 8 கிராம் சங்கிலிக்கு 12 சதவீதம் சேதாரம் போட்டால் 89,600 ரூபாய். அதன்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 92,288 ரூபாய். மறுநாளே விற்கப் போனால் 80,000 ரூபாய்க்குள்தான் பேச்சு தொடங்கும். சேதாரத்துக்கு அரசு நிர்ணயித்த விகிதம் கிடையாது, பேரம் பேசலாம். தங்க விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுகிறவர்கள் இதைக் கேட்காமலே பணம் கட்டிவிடுவதுதான் வேடிக்கை.

கல் வைத்த அட்டிகை, ஜிமிக்கி என்றால் மொத்த எடையும் கல் நீக்கிய எடையும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரு கிராம் கல்லைத் தங்கக் கணக்கில் சேர்த்துவிட்டால், மேலே சொன்ன விலைப்படி 10,000 ரூபாய் போயிற்று.

தரத்துக்கு அத்தாட்சி ஹால்மார்க். நகையில் மூன்று அடையாளங்கள் இருக்கும்: முக்கோண வடிவ பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, 22 காரட்டைக் குறிக்கும் 22கே916, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க எச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாள எண். ஹால்மார்க் 2021 ஜூன் முதல் மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. அந்த மாவட்டங்களில் 2023 ஏப்ரல் 1 முதல் ஆறிலக்க எண் இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் எண்ணைத் தட்டினால் நகையின் வகை, தரம், முத்திரையிட்ட மையம் எல்லாம் தெரியும். மலை ஊர்களில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. கடையில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

இந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை உண்டு. 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. மூக்குத்தி, தாலிக்குண்டு, குழந்தைக் கம்மல் என்று சிறுகச் சிறுக வாங்குகிற ஏழை வீட்டு நகைகள் பெரும்பாலும் இந்த எடைக்குள்தான் வரும். பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகிறவர்களுக்கே அது இல்லை. முத்திரை போட்டதே வேண்டும் என்று கேட்டு வாங்குவதுதான் வழி.

மாதச் சீட்டு கட்டுகிறவர்கள் கடையின் நாணயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் நகைத் திட்டத்தில் பணம் போட்ட பலர், 2023 இறுதியில் கடைகள் மூடப்பட்டதும் காவல் நிலையம் ஏறி இறங்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அமலாக்கத் துறையும் சோதனை நடத்தியது.

பழைய நகையின் தரத்தில் சந்தேகம் வந்தால் பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற மையத்தில் கட்டணம் செலுத்தி யாரும் சோதித்துக்கொள்ளலாம். ஹால்மார்க் நகையில் தரம் குறைந்திருந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கையும் சோதனைச் செலவையும் கடைக்காரர் தர வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். விதி. அதைக் கேட்டு வாங்க, எடையும் தரமும் ஹால்மார்க் கட்டணமும் தனித்தனியாக எழுதிய பில் கையில் இருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் கிறுக்கித் தரும் மதிப்பீடு அதற்கு உதவாது.