பஸ் ஸ்டாண்டில் பிடிபடும் தெருநாய் எங்கே போகும்? செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை... காப்பகச் சிக்கல் என்ன?

கிளாம்பாக்கம் பேருந்து முனையம், செங்கல்பட்டு ரயில் நிலையம், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாமல்லபுரம் பேருந்து நிலையம். உச்ச நீதிமன்றத்தின் 2025 நவம்பர் உத்தரவுப்படி, இங்கெல்லாம் பிடிக்கப்படும் தெருநாயைத் திரும்ப அங்கேயே விடக்கூடாது. அப்போ எங்கே கொண்டு போவது? சிக்கலே அங்கதான் ஆரம்பிக்குது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

2025 ஆகஸ்ட் 11-ல் இரு நீதிபதிகள் அமர்வு, டெல்லி வட்டாரத் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியது. ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை, ரேபிஸ் தடுப்பூசி, குடற்புழு நீக்கம் முடித்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும்; ரேபிஸ் பாதித்தவை, ஆக்ரோஷமானவை மட்டும் விதிவிலக்கு. வழக்கும் நாடு முழுவதற்கும் விரிந்தது.

நவம்பர் 7-ல் வந்ததுதான் நம்ம ஊர் உள்ளாட்சிகளுக்குத் தலைவலி. கல்வி நிறுவனம், மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றில் பிடிக்கும் நாய்களைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பிறகு காப்பகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

ஏபிசி மையம் வேற, காப்பகம் வேற

பலரும் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஏபிசி எனப்படும் கருத்தடை மையம், ஆபரேஷன் வார்டு மாதிரி. நாய் வரும், அறுவை சிகிச்சை நடக்கும், சில நாள் கவனிப்பு, அடையாளத்துக்குக் காதில் சின்ன வெட்டு, பிறகு சொந்தத் தெருவுக்கே போய்விடும். கூண்டு காலியாகும், அடுத்த நாய் வரும். சென்னை மாநகராட்சி 1996-ல் கருத்தடைக்கு மாறியதும் இந்த முறையில்தான்.

காப்பகத்தில் கூண்டு சட்டென்று காலியாகாது. நல்ல கவனிப்பு கிடைத்தால் நாட்டு நாய் பத்து வருஷத்துக்கு மேல்கூட வாழும். அத்தனை நாளும் சாப்பாடு, தண்ணீர், மருத்துவர், கூண்டு கழுவ ஆள் வேண்டும். ஷெட் போட ஒருமுறை நிதி ஒதுக்கினால் முடிகிற வேலை இல்லை, மாதா மாதம் செலவு.

இடம் இல்லை என்று ஏபிசி கூண்டுகளிலேயே நிரந்தரமாக அடைத்தால்? கூண்டு நிரம்பும், கருத்தடை நின்றுபோகும். நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாள்தான். உள்ளே நூறு நாயை அடைத்து வைத்துவிட்டு, வெளியே குட்டிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நெரிசல் ஏன் ஆபத்து?

பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு வைரஸ் நோய்களும் நெரிசலான கூண்டுகளில் வேகமாகப் பரவும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சும்மா தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போகாது. அதனால் நல்ல காப்பகத்தில் புது நாயை உடனே மற்றவற்றோடு சேர்க்க மாட்டார்கள். வந்த அன்றைக்கே தடுப்பூசி, பிறகு தனிக் கூண்டு. குட்டிகளும் தாயும் தனியாக. தட்டுகளும் தள்ளித் தள்ளி, இல்லாவிட்டால் சாப்பாட்டுக்கே சண்டை வரும். தத்துக் கொடுக்கவும் ஆள் வேண்டும். நாய் வெளியே போக அது ஒன்றுதான் நல்ல வழி.

கடற்கரையில் விட்டுட்டா?

காப்பகம் இல்லாத இடத்தில் தோன்றும் குறுக்குவழி இது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை சவுக்குத் தோப்பும் காலி மணலும் நிறைய. ஆனால் இடம் மாற்றிவிடும் நாய் அங்குள்ள நாய்களோடு சண்டை போடும். மிரண்டு, பக்கத்தில் வருகிறவரைக் கடிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை இந்த மணலில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. அந்தக் குழிகளை நாய்கள் தோண்டித் தின்பது இந்தக் கரைக்குப் புதிதில்லை.

உங்கள் உள்ளாட்சியில் என்ன கேட்கலாம்?

காப்பகம் எங்கே, எத்தனை நாய்க்கு இடம், ஏபிசி கூண்டுகள் தனியாக இருக்கிறதா, மருத்துவர் தினமும் வருகிறாரா என்று கேட்கலாம். 2023 ஏபிசி விதிகளின்படி உள்ளாட்சி அளவில் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவில் யார் யார், கடைசியாக எப்போது கூடினார்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.