கணினி புதிதானால் கலங்கலாமா?

பத்தாம் வகுப்பு மாணவி

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புதிய கால அட்டவணை வருகிறது. முதல் வாரத்தில் என்ன நடக்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஒரு வகுப்பில் இரண்டு ஆசிரியைகள் வந்து நிற்பார்கள்; அடுத்த வகுப்பிலோ ஒருவரும் இருக்கமாட்டார். ஆனால் அதற்காகப் பள்ளிக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்று எவரும் கூறுவதில்லை. அட்டவணையில் எந்த இடத்தில் பிழை என்று பார்த்துத் திருத்துகிறோம். பள்ளி மீண்டும் ஒழுங்காக நடக்கிறது.

கணினியில் புதிய இயங்குதளத்தை ஏற்றிய பின்பும் இதே குழப்பந்தான் வருகிறது. ஆனால் அங்கே மட்டும் நாம் பொறுமை இழந்து, “எல்லாவற்றையும் ஃபார்மட் செய்துவிடுங்கள்” என்று சொல்லிவிடுகிறோம். அது கட்டடத்தை இடிப்பதற்கு ஒப்பாகும். வடக்கனந்தலைப் போன்ற ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு கணினி இருப்பதே பெரிது. அந்த ஒன்றில்தான் அக்காளின் கல்லூரிச் சான்றிதழ், அப்பாவின் பட்டா நகல், மறைந்த பாட்டியின் படம் எல்லாம் இருக்கின்றன. ஆகையால் அழிப்பதற்கு முன் அறியவேண்டியவை எவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இயங்குதளம் என்பது யாது?

திரை, விசைப்பலகை, நினைவகம், வட்டு ஆகியவை கணினியின் உடல். நாம் கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் பயன்படுத்துபவை செயலிகள். இவ்விரண்டுக்கும் இடையில் நின்று, எவருக்கு எந்த இடம், எவருக்கு எந்த நேரம் என்று பகிர்ந்து கொடுப்பதே இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ், கைப்பேசியில் உள்ள ஆண்ட்ராய்டு ஆகியவை இவ்வகையின. அச்சுப்பொறி, ஒலிபெருக்கி முதலிய கருவிகளுடன் பேச இயங்குதளத்திற்கு மொழிபெயர்ப்பாளர்கள் தேவை. அவர்களுக்கு ‘டிரைவர்’ என்று பெயர். இயங்குதளம் மாறும்போது பழைய மொழிபெயர்ப்பாளருக்குப் புதியவரின் பேச்சு விளங்காமல் போகலாம். 2007ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் விண்டோஸ் விஸ்டா பொதுமக்களுக்கு வெளிவந்தபோது பல அச்சுப்பொறிகள் வேலை செய்யாமல் நின்றதற்கு இதுவே காரணம். அச்சுப்பொறிகள் பழுதாகவில்லை, அவற்றுக்குரிய டிரைவர்கள் ஆயத்தமாக இல்லை.

மாற்றம் ஏன் வந்தது?

2015 ஜூலை 29இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கு அளிக்கப்பட்ட பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. தனியே பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்க 2026 அக்டோபர் 13 வரை காலம் நீட்டிக்கப்பட்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினி, தாழ்ப்பாள் இல்லாத வீட்டைப் போன்றது. ஆகவே பலரும் 2021 அக்டோபர் 5இல் வெளிவந்த விண்டோஸ் 11க்கு மாறினர்.

ஆனால் அதற்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி வட்டு, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். 2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின்கீழ் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட முதற்கால மடிக்கணினிகளுக்கு இந்தத் தகுதி இல்லை. அவற்றில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. பழைய கணினி உள்ளவர்கள் வலிந்து புதிய விண்டோஸை ஏற்றி அல்லற்படுவதைவிட, லினக்ஸின் புதிய பதிப்பு ஒன்றைப் பயன்படுத்துவது நலம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். இரண்டு இயங்குதளங்கள் உள்ள அத்தகைய கணினியில் விண்டோஸை மட்டும் மறுபடி நிறுவினால், தொடக்கத்தில் “எது வேண்டும்?” என்று கேட்கும் பட்டியல் மறைந்துபோவது உண்டு. லினக்ஸும் அதிலிருந்த கோப்புகளும் அழிந்துவிட்டன என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் அவை வட்டின் தம் பகுதியிலேயே பத்திரமாக இருக்கும்; வழிகாட்டிப் பலகை மட்டுமே விழுந்திருக்கும். அதைத் திரும்ப நட்டால் போதும்.

மாற்றும் முன் மூன்று காரியங்கள்

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பது பழமொழி. அந்த அணை எப்படி அமையவேண்டும் என்று பார்ப்போம்.

முதலாவது, படி எடுத்தல். முக்கியமான கோப்புகளை ஒரு பென் டிரைவிலோ வெளி வட்டிலோ படி எடுத்துத் தனியே வைக்கவேண்டும். “பெரிய நிறுவனம் தரும் மேம்பாட்டில் தவறு வருமா?” என்று சிலர் கேட்கலாம். 2018 அக்டோபர் 2இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 மேம்பாடு, சிலருடைய கோப்புகளை அழித்துவிட்டது. ஆவணங்கள், படங்கள் முதலிய கோப்புறைகளை வேறு வட்டுக்கு மாற்றி வைத்திருந்தவர்கள் சிலர், பழைய இடத்திலும் கோப்புகளை வைத்திருந்தனர். மேம்பாடு அந்தப் பழைய கோப்புறையை வேண்டாதது என்று எண்ணி நீக்கிவிட்டது. பாதிக்கப்பட்டதாகத் தெரிவித்தவர்கள் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒருவர்தான். ஆயினும் நிறுவனம் வெளியீட்டையே நிறுத்தி, பிழையைத் திருத்தி, நவம்பர் 13இல்தான் மீண்டும் வெளியிட்டது. அந்தப் பத்தாயிரத்தில் ஒருவர் நம் வீட்டார் ஆகக்கூடாது அன்றோ!

இரண்டாவது, திறவுகோல் எண். புதிய கணினிகள் பல, வட்டைத் தாமாகவே பூட்டி வைக்கின்றன. இதற்கு ‘பிட்லாக்கர்’ என்று பெயர். மேம்பாட்டுக்குப் பின் சில வேளைகளில் அது 48 இலக்கம் கொண்ட எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லையேல் வீட்டுக்கு உரியவரும் உள்ளே செல்ல இயலாது. கணினியில் நுழையப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கும். அதை முன்னதாகவே எடுத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது அறிவுடைமை.

மூன்றாவது, மின்சாரமும் இணையமும். பெரிய மேம்பாடு பல ஜிபி அளவுள்ளது. கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து பயன்படுத்துகிறவர்களுக்கு அன்றைய அளவு முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும். கல்வராயன் மலையை ஒட்டிய நமது பகுதியில் மழைக்காலத்தில் மின்சாரம் நின்று நின்று வருவதும் உண்டு. ஆகவே மழை நாளிலும் தேர்வுக்கு முந்தைய வாரத்திலும் இவ்வேலையைத் தொடங்கலாகாது.

மாற்றிய பின் செய்யவேண்டியவை

முதல் நாள் கணினி மெதுவாகத்தான் இருக்கும். கோப்புகளுக்கெல்லாம் புதிய தேடல் பட்டியலை அது உள்ளுக்குள் தயாரித்துக்கொண்டிருப்பது ஒரு காரணம். சார்ஜரை இணைத்து, சில மணி நேரம் அதன் போக்கில் விட்டுவிட்டால் பெரும்பாலும் வேகம் திரும்பும்.

அடுத்து, ‘ரீஸ்டார்ட்’ செய்து பார்க்கவேண்டும். ‘ஷட் டவுன்’ கொடுத்து மீண்டும் போட்டால் போதாதா என்று தோன்றலாம். விண்டோஸ் 8 முதல், விரைவாகத் தொடங்குவதற்காக, ‘ஷட் டவுன்’ கொடுக்கும்போது இயங்குதளத்தின் ஒரு பகுதி அப்படியே வட்டில் எழுதி வைக்கப்படுகிறது. குழப்பமும் அதனுடன் சேர்ந்து திரும்பி வரலாம். ‘ரீஸ்டார்ட்’ ஒன்றே முழுவதும் புதிதாகத் தொடங்குகிறது.

ஒலி வரவில்லை, அச்சுப்பொறி அசையவில்லை என்றால் ‘டிவைஸ் மேனேஜர்’ என்னும் பகுதியைத் திறந்து பார்க்கவேண்டும். மஞ்சள் நிற வியப்புக்குறி எந்தக் கருவியின்மேல் இருக்கிறதோ அதன் டிரைவரே தகராறு செய்கிறது. அக்கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து மட்டுமே புதிய டிரைவரை எடுக்கவேண்டும்.

வட்டில் இடம் குறைந்திருக்கிறதா? பழைய விண்டோஸ் ‘விண்டோஸ் ஓல்ட்’ என்ற கோப்புறையில் வைக்கப்பட்டிருக்கும். அதை அவசரப்பட்டு நீக்கவேண்டாம். புதியது ஒத்துவராவிட்டால் பத்து நாட்களுக்குள் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ரெக்கவரி’ என்பதைத் திறந்து, ‘கோ பேக்’ கொடுத்துப் பழையதற்கே திரும்பலாம். பத்து நாள் கழிந்தால் அந்தக் கோப்புறை தானாகவே நீங்கிவிடும், கதவும் அடைபட்டுவிடும். ஆகவே மேம்பாடு செய்த தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

தமிழ் எழுத்து எங்கே போயிற்று?

விண்டோஸ் 2000 முதல் ‘லதா’ என்னும் தமிழ் எழுத்துரு விண்டோஸுடன் வந்தது. விண்டோஸ் 10இல் லதாவும் ‘விஜயா’வும் விருப்பத் தொகுதிக்கு மாற்றப்பட்டன. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்க்காதவர் கணினியில் அவை இருக்கமாட்டா. அப்போது ‘நிர்மலா’ என்னும் வேறு எழுத்துரு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். வரிகள் இடம் மாறி, இரண்டு பக்க வினாத்தாள் மூன்று பக்கம் ஆகலாம். மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் எழுத்துருக்கள் திரும்பும். தமிழ் 99 விசைப்பலகையையும் அங்கேயே தேர்ந்துகொள்ளலாம்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்களின் கதை வேறு. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. வட்டைத் துடைத்துவிட்டு விண்டோஸை நிறுவினால் அந்த எழுத்துருக்கள் போய்விடும். கடிதம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அதை நீக்கிவிடாதீர்கள். அதே எழுத்துருவைத் திரும்பச் சேர்த்தால் தமிழ் எழுந்து வரும். பின்னர் அதை யூனிகோடு முறைக்கு மாற்றிச் சேமித்தால் இத்தொல்லை மறுபடி வராது. 2010இல் தமிழக அரசும் யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது.

நீலத்திரை தோன்றினால்

2024 ஜூலை 19ஆம் நாள் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. இந்திய விமான நிலையங்களில் ‘போர்டிங் பாஸ்’களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் விண்டோஸ் மேம்பாடு அன்று; கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு சிறு கோப்பு. அதற்குரிய மருந்து என்ன தெரியுமா? கணினியைப் பாதுகாப்பு நிலையில், அதாவது ‘சேஃப் மோட்’ முறையில் திறந்து, அந்த ஒரு கோப்பை நீக்குவதுதான். வட்டிலிருந்த மற்ற கோப்புகளைத் தொடவேண்டிய தேவையே இல்லை.

பாதுகாப்பு நிலையில் கணினி மிகத் தேவையானவற்றை மட்டும் கொண்டு எழும். அந்நிலையில் அது ஒழுங்காக இயங்கினால், பின்னர் சேர்த்த டிரைவரிலோ செயலியிலோதான் கோளாறு என்று அறியலாம். திரையில் நுழைய முடிந்தால், ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திக்கொண்டு ‘ரீஸ்டார்ட்’ கொடுப்பது அந்நிலைக்குச் செல்லும் வழி.

கடைக்குக் கொண்டு செல்லும்போது

இத்தனைக்கும் மசியாத கணினியைக் கள்ளக்குறிச்சிக்கோ வேறிடத்திற்கோ பழுது பார்க்கக் கொண்டு செல்லத்தான் வேண்டும். பழுது பார்ப்பவருக்கு அழித்து நிறுவுவது எளிது. ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். அதனால் பெற்றோர்கள் முதலிலேயே சொல்லவேண்டிய வார்த்தை இது: “ஃபார்மட் செய்யவேண்டாம், முதலில் கோப்புகளை வேறு வட்டில் எடுத்துக் கொடுங்கள்.” கணினி எழுந்திருக்காவிட்டாலும், வட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துக் கோப்புகளை எடுக்கப் பெரும்பாலும் இயலும். வட்டு பூட்டப்பட்டிருந்தால் அந்த 48 இலக்க எண் அப்போதும் தேவைப்படும். கோப்பு ஏதேனும் அழிந்துவிட்டதாகத் தோன்றினால் கணினியை மேலும் பயன்படுத்தாமல் நிறுத்திவிடவேண்டும். அழிந்த இடத்தில் புதியது எழுதப்படும்வரை மீட்க வாய்ப்பு உண்டு.

தோழியரே, இயங்குதளத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுவலாம். அது எங்கும் கிடைக்கும் பொருள். பாட்டியின் படமோ உலகில் ஒன்றே ஒன்றுதான். இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் ஒரு பென் டிரைவை எடுத்து, அந்தப் படத்திலிருந்து படி எடுக்கத் தொடங்குங்கள்.