விளக்கில் தெரிந்த கறுப்புக் கறை
(போட்டோ எடுக்கும்போது வெளிச்சத்தைப் புரிந்துகொள்வோம்)



இப்போது நம்மில் பலர் பொருளைச் செல்போனில் போட்டோ பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் விற்கிறோம். வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்ப்பதில்லை. போட்டோவைப் பார்த்துத்தான் வேணும், வேண்டாம் என்கிறார். அந்தப் போட்டோ தப்பாக இருந்தால் என்ன ஆகும்? எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் நாச்சியார்கோயிலில் பித்தளைக் குத்துவிளக்கு வாங்கி வந்து விற்கிறோம். ஒரு கல்யாண வீட்டுக்காரர் 12 விளக்கு கேட்டார். புளி போட்டுத் துலக்கி, திண்ணையில் வைத்து, தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று நானே போட்டோ எடுத்து அனுப்பினேன். "நடுவுல எல்லாம் கறுப்புக் கறையா இருக்கே, பழைய விளக்கா?" என்று கேட்டவர், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குழுவில் கடன் வாங்கிப் போட்ட முதல். அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

விளக்கை எடுத்துப் பார்த்தால் ஒரு கறையும் கிடையாது! பிளஸ் டூ படிக்கும் என் மகள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, இது கறை இல்ல. இது நீதான். போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற பாரு" என்றாள்.

இது ஏன் நடக்கிறது?

கேரம் காயைப் பலகைக் கட்டையில் அடித்தால் எப்படித் திரும்புகிறது? எந்தச் சாய்வில் போய் மோதுகிறதோ, அதே சாய்வில் அந்தப் பக்கம் போகும். நேராக அடித்தால் நேராக நம்மிடமே வரும். வெளிச்சமும் அப்படித்தான். இதைத்தான் பிரதிபலிப்பு என்கிறோம்.

துணி, காகிதம், மண் பானை இவற்றின் மேல்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உள்ளது. அதில் விழும் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். அதனால் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும். பித்தளை, எவர்சில்வர், கண்ணாடி அப்படி இல்லை. வழவழப்பாக இருப்பதால் வெளிச்சத்தைச் சிதறாமல் ஒரே பக்கம் அனுப்பும். எதிரே இருப்பது அதில் அப்படியே தெரியும். எதிரே கறுப்பு இருந்தால் விளக்கிலும் கறுப்பு.

ஆகவே பளபளக்கும் பொருளைப் போட்டோ எடுக்கும்போது, பொருளை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நாங்கள் செய்து பார்த்தது

வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கம் விளக்கை வைத்தோம். ஜன்னலுக்கு ஒரு வெள்ளை வேட்டியைத் திரை போலக் கட்டினோம். மறுபக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினோம். விளக்கின் இரண்டு பக்கமும் வெள்ளை தெரிந்ததால் பித்தளை மஞ்சளாக மின்னியது. நான் நாலடி பின்னால் போய், ஜூம் செய்து எடுத்தேன். தூரம் போனால் நம் உருவம் சிறிதாகிவிடும். மேலே இருக்கும் அன்னத்தின் மூக்குகூடத் தெளிவாக வந்தது.

வேட்டி எதற்கு? சூரியன் எவ்வளவு பெரிதானாலும் வெகு தொலைவில் இருப்பதால் நமக்குச் சின்னப் புள்ளிதான். சின்ன இடத்திலிருந்து வரும் வெளிச்சம் நிழலைக் கத்தி போல வெட்டும். பளபளப்பில் கண் கூசும் பொட்டாகத் தெரியும். வேட்டி வழியே வந்தால் அந்த வேட்டி முழுவதுமே விளக்காகிவிடும். நிழல் மென்மையாகும். மேகம் மூடிய நாளில் போட்டோ நன்றாக வருவதும் இதனால்தான்.

மற்ற பொருள்களுக்கு

* ஊறுகாய் பாட்டில்: முன்பக்கம் விளக்குப் போட்டால் கண்ணாடிதான் மின்னும், ஊறுகாய் தெரியாது. பின்னால் வெள்ளைச் சார்ட் வைத்து, வெளிச்சத்தை அந்தச் சார்ட்டில் விழ விடுங்கள். எண்ணெயும் மிளகாயும் நிறத்தோடு தெரியும்.

* சேலை: சிவப்புச் சிமெண்டுத் தரையில் வெள்ளைச் சேலையை விரித்தால் அதிலும் சிவப்பு ஏறும். பச்சைச் சுவரும் அப்படித்தான். வெள்ளை விரிப்பின் மேல் வையுங்கள். ஜன்னல் வெளிச்சத்தோடு பல்பு வெளிச்சத்தைக் கலக்காதீர்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் உள்ள பட்டு, பார்க்கும் பக்கத்துக்கு ஒரு நிறம் காட்டும். இரண்டு பக்கமும் எடுத்து அனுப்பினால், "வேற கலர் வந்திருக்கு" என்ற சண்டை வராது.

* அப்பளம், வெள்ளை மாவு: போன் எதையும் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்க்கும். அதனால் வெள்ளை, சாம்பலாகிவிடும். பெரும்பாலான போன்களில் திரையில் பொருளைத் தொட்டு விரலை மேலே நகர்த்தினால் வெளிச்சம் கூடும்.

* பாஸ்புக், லேமினேட் செய்த அட்டை: பிளாஷ் வேண்டாம். பிளாஷ் லென்சுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், நேராகப் போய் நேராகத் திரும்பி எழுத்தை மறைத்துவிடும். போனை நேர் மேலே பிடித்து, பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள்.

* பல்பு வெளிச்சத்தில் எடுப்பதானால்: ஒரு அடி தூரத்தில் இருந்த பல்பை இரண்டு அடிக்கு நகர்த்தினால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்குதான் ஆகும். ஆகவே பக்கத்திலேயே வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை

வெள்ளைத் துணி சுற்றிலும் இருந்தால் சின்னச் சின்னக் கீறல் மறைந்துவிடும். இதை நாம் ஏமாற்றப் பயன்படுத்தக் கூடாது. உண்மையிலேயே கீறல் இருந்தால், அதைத் தனியாக ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். இல்லாத கறையால் எங்களுக்கு ஒரு ஆர்டர் போனது. இருக்கும் கறையை மறைத்தால் குழுவின் பெயரே போய்விடும்.

அந்தக் கல்யாண வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. ஆனால் புதிய போட்டோவைப் பார்த்து வேறு ஒருவர் 5 விளக்கு வாங்கினார். மீதி 7 விளக்கும் விற்றால்தான் கடன் முழுதும் அடையும். நம்பிக்கை இருக்கிறது.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொண்டு வாருங்கள். ஜன்னல் பக்கம் வைத்து ஒரு போட்டோ, வேட்டி கட்டி ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் உங்கள் கண்ணுக்கே தெரியும்.